கல்லுக்குக் கிடைத்த காவல்

மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போகிறவர்கள், நாவுலவை எட்டுவதற்குச் சற்று முன் நாலந்தாவில் கிழக்கே பிரியும் பாதையில் இறங்கினால், போவதென்ன நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் ஒரு கற்கோவிலைக் காணலாம். நாலந்தா கெடிகே என்பது அதன் பெயர். எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கட்டடம் பல்லவர் பாணியிலானது. மாமல்லபுரத்து ரதங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் விமானமும் கூடுகளும் அந்நியமாகத் தோன்றா. வழிபாடோ பௌத்தம், அதிலும் மகாயானச் சாயலும் தாந்திரிகச் சாயலும் கலந்தது. மகாவலி நீரைப் பொல்கொல்லையில் திருப்பி வடக்கே கொண்டுசெல்லும் திட்டத்தில் 1970களில் போவதென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது கெடிகே மூழ்கிப்போகும் நிலை வந்தது. அதனைக் கல் கல்லாகக் கழற்றி, மேடாக்கிய நிலத்தில் முன்பிருந்தபடியே அடுக்கினார்கள். 1980இல் அந்தப் பணி நிறைவேறியது. எந்த மரபுக்கு உரியது என்று ஒரே சொல்லில் அடக்க முடியாத கட்டடம் அது. அதற்கு இந்நாட்டு அரசு அத்தனை பொறுமையும் பணமும் செலவிட்டது. அந்தச் செயலைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை.

அதே வீதியில் இன்னும் இருபத்தைந்து கிலோமீற்றர் அளவு போனால் தம்புள்ளை. அங்கே அதே அரசு என்ன செய்தது என்பதும் பதிவில் இருக்கிறது.

2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை. ரங்கிரி தம்புள்ளை விகாரையின் தலைமைத் தேரர் இனாமலுவே ஸ்ரீ சுமங்கல தேரர் முன்னே செல்ல, பிக்குமார் உட்பட ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் நகரின் கைரியா ஜும்ஆப் பள்ளிவாசலை நோக்கித் திரண்டனர். முந்திய இரவே பள்ளிவாசல் மீது பெற்றோல் குண்டு வீசப்பட்டிருந்தது. அன்று ஜும்ஆத் தொழுகை நடக்கவில்லை. பள்ளிவாசல் புனித பூமியின் எல்லைக்குள் சட்டவிரோதமாக நிற்கிறது என்பது கூட்டத்தின் குற்றச்சாட்டு. புனித பூமி அறிவிப்பு 1980களில் வந்தது, தொழுகையோ அதற்குப் பல்லாண்டு முந்தியது என்பது நிருவாகத்தின் பதில். உறுதிகளையும் வரைபடங்களையும் முன்வைத்து ஒரு நீதிமன்றம் தீர்த்திருக்கக்கூடிய வழக்கு இது. அதற்கு இடம் கொடுக்கப்படவில்லை. இரண்டே நாளில், மத விவகாரங்களுக்கும் பொறுப்பான அமைச்சராக இருந்த பிரதமர் டி.எம். ஜயரத்ன பள்ளிவாசலை வேறிடத்துக்கு மாற்றும்படி பணித்தார். முஸ்லிம் அமைச்சர்களும் இதற்கு இணங்கினார்கள் என்று அறிவிக்கப்பட்டது. பெயர் சொல்லப்பட்டவர்களே பிறகு அதை மறுத்தார்கள்.

அடுத்த ஆண்டு, 2013 அக்டோபர் இறுதியில், அதே எல்லைக்குள் இருந்த பத்திரகாளி அம்மன் கோவில் தரைமட்டமாக்கப்பட்டது. சுற்றிலும் குடியிருந்த குடும்பங்களுக்கும் வெளியேறும்படி அறிவித்தல் போயிருந்தது. நகரங்களின் நிலப் பயன்பாட்டைத் திட்டமிடும் நகர அபிவிருத்தி அதிகாரசபை அந்நாளில் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கியது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு சிறு நகரத்தில் யார் எங்கே விளக்கேற்றலாம் என்ற விடயம், படைகளை நடத்தும் அமைச்சின் கோப்பாக மாறியிருந்தது.

இரண்டு நிகழ்வுகளிலும் அரசு குற்றவாளி என்பது நமது தீர்ப்பு. கூட்டம் கூடியதற்கு அரசைக் குறை கூறவில்லை. கூட்டம் கேட்டதை ஆராயாமல் ஆணையாக்கியதற்காகவும், ஆணையிட்ட பிறகு எவருக்கும் கணக்குக் காட்டாமல் இருந்ததற்காகவும் இத்தீர்ப்பைச் சொல்கிறோம்.

பத்தாண்டுக்கு மேற்பட்ட விவகாரத்தை இப்போது எடுப்பானேன் என்று கேட்கலாம். மதத்தைச் சமூகவியல் கண்ணோடு ஆராய்வோர் அண்மைக் காலத்தில் கேட்கும் கேள்விகள் தம்புள்ளையின் வாசலுக்கே வந்து நிற்கின்றன. ஆட்சியாளர்கள் அவற்றை ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்பதே இத்தலையங்கத்துக்குக் காரணம்.

நவீனம் வளர வளர மதம் தேயும் என்ற கோட்பாடுதான் இந்த ஆய்வுத்துறையை நெடுங்காலம் ஆண்டது. அதற்கு 1967இல் வலுவான விளக்கம் எழுதியவர்களில் ஒருவரான பீற்றர் பேர்கர், உலகம் முன்போலவே மதப்பற்றுடன்தான் இருக்கிறது என்று 1999இல் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். அதற்கு முன்பே, 1994இல், ஹோசே கசனோவா மதம் வீட்டு மூலையிலிருந்து பொதுவெளிக்குத் திரும்பி வருவதை எழுதிவிட்டார். ஐரோப்பாவில் தேய்வு உண்மைதான் என்று புள்ளிவிபரங்களோடு வாதிடுவோர் இன்றும் இருக்கிறார்கள். அந்த வாதம் ஓயவில்லை. இலங்கைக்கு அது எந்நாளும் பெரிதாகப் பொருந்தியதில்லை. 2009இல் கேலப் நிறுவனம் நடத்திய கருத்துக் கணிப்பில், அன்றாட வாழ்வில் மதம் முக்கியமானது என்று சொன்ன இலங்கையர் நூற்றுக்கு 99 பேர். நமக்குள்ள சிக்கல், எல்லோரும் நம்புகிற ஒரு நாட்டில் நம்பிக்கைகள் நிற்பதற்கான நிலத்தை எவர் பங்கிடுகிறார் என்பது.

ஆய்வாளர்களும் அந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறார்கள். வேதநூல் என்ன சொல்கிறது, எத்தனை பேர் எந்த மதத்தில் இருக்கிறார்கள் என்பதைக் காட்டிலும், மக்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள், எந்த வாசலில் நேர்த்தி வைக்கிறார்கள், எந்த வாசலில் தடுக்கப்படுகிறார்கள் என்பதை அவர்கள் பார்க்கிறார்கள். இந்த மண்ணில் அப்படிப் பார்ப்பது புதிதும் அல்ல. கதிர்காமத்துத் தீமிதிப்பையும் நேர்த்திக்கடன்களையும் கணநாத் ஒபேசேகர 1970களிலும் 80களிலும் எழுதியபோது, பௌத்தர் எது வரையில் இந்துக் கடவுளை நாடுகிறார், எங்கே அவரைத் தமதாக்கிக்கொள்கிறார் என்பதை வெளிநாட்டுக் கோட்பாட்டாளர்களுக்கு முன்பே காட்டிவிட்டார்.

பல மதத்தார் ஒன்றாக வழிபடும் இடங்களைப் பற்றி நடந்த ஒரு விவாதம் நம் கவனத்துக்கு உரியது. 2002இல் றொபேட் ஹேடன் தெற்காசியாவையும் போல்கன் நாடுகளையும் ஒப்பிட்டு ஒரு கசப்பான முடிவைச் சொன்னார்: இத்தகைய இடங்களில் காணும் அமைதி பரந்த மனத்தின் விளைவல்ல, ஒருவரை ஒருவர் வெல்ல முடியாத வரையில் பொறுத்துக்கொள்வது, மேலாதிக்கம் யாருடையது என்பது முடிவானதும் மற்றவரின் அடையாளம் அழிக்கப்படும். கிளென் போமன் இதை ஏற்கவில்லை. அண்டை அயலார் தாமாகவே இணங்கிப் போகும் வழிகளை அன்றாடம் கண்டுபிடிக்கிறார்கள், அதைக் குலைப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் அதிகாரமும் அரசியலும் என்றார். அவர் தொகுத்த நூல் வெளிவந்த ஆண்டும் 2012தான். நமது ஊர்களை அறிந்தவர்கள் என்ற வகையில் போமன் பக்கமே சாய்கிறோம். ஆயினும் ஹேடனை முற்றாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. 2009 மே மாதம் போர் முடிந்து மேலாதிக்கம் ஐயமின்றி நிலைநாட்டப்பட்ட பிறகுதான் வழிபாட்டிடங்கள் மீதான தாக்குதல்கள் பெருகின. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, 2009 மே முதல் 2013 ஜனவரி வரை இத்தகைய 65 சம்பவங்களைப் பதிவுசெய்தது. 2011 செப்டெம்பரில் அநுராதபுரத்தில் ஒரு முஸ்லிம் தர்காவைக் கூட்டம் ஒன்று தகர்த்தபோது, தம்புள்ளைக்கு முன்னோட்டம் நடந்துவிட்டது.

புனித பூமி என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அது மண்ணிலிருந்து தானாக முளைத்ததன்று. 1942இல் அநுராதபுரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, பழைய நகரத்தின் குடியிருப்புகளும் கடைகளும் படிப்படியாகப் புதிய நகரத்துக்கு அகற்றப்பட்டன. அங்கே பல தலைமுறை வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் அதில் அடங்குவர். அந்த மாற்றத்தை ஆராய்ந்த எலிசபெத் நிசன், 1989இல் எழுதிய கட்டுரையில், ஒரு வழிபாட்டு நகரம் எவ்வாறு ஒரு தேசத்தின் ஒற்றை அடையாளமாகத் திட்டமிட்டு ஆக்கப்பட்டது என்பதை விளக்கினார். தம்புள்ளை அதே வழியில் நடத்தப்பட்டது. நில அளவையாளரின் கோடு முதலில் வரும். அதற்குள் அகப்பட்டவர் பிறகு அத்துமீறியவர் ஆவார்.

இதில் வேதனையான வேடிக்கை என்னவென்றால், தம்புள்ளைக் குகை விகாரை இந்தப் பிரிப்புக்கு இணங்கும் இடமே அல்ல. முதற் குகைக்கு தேவராஜ விகாரை என்று பெயர். விஷ்ணுவுக்கு அங்கே சன்னிதி உண்டு. பெரிய குகையில் புத்தர் சிலைகளுக்கு நடுவே விஷ்ணுவும் சமன் தெய்வமும் நிற்கிறார்கள். யுனெஸ்கோ 1991இல் உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது இந்தக் கூட்டு மரபையும் சேர்த்துத்தான். குன்றின் மேல் விஷ்ணு இருக்கலாம், அடிவாரத்தில் பத்திரகாளி இருக்கலாகாது என்பது எந்தப் பௌத்த நூலின் கட்டளை? விகாரைக்குரிய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, 2000ஆம் ஆண்டளவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் ஒன்றும் எழும்பியது. மட்டைக்கும் பந்துக்கும் அந்த ஊரில் இடம் இருந்தது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

தம்புள்ளையில் தங்கி அங்குள்ள வியாபாரிகளிடையே கள ஆய்வு செய்த மானிடவியலாளர் லூக் ஹெஸ்லொப், பள்ளிவாசல் நெருக்கடி பற்றி 2014இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். மதப் பொறுப்பு அரசியல் அரங்கில் நிகழ்த்திக் காட்டப்படுவது என்பதே அதன் கோணம். நாவுலவிலிருந்தும் கலேவெலவிலிருந்தும் மரக்கறி ஏற்றி 1999 முதல் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய்வரும் எவருக்கும் இது விளங்கும். அந்தச் சந்தையில் சிங்களவரும் முஸ்லிமும் தமிழரும் விடியுமுன் ஒரே தராசின் முன்னால் நிற்கிறார்கள். வியாபாரத்துக்கு ஆகும் அயலவன் வழிபாட்டுக்கு மட்டும் ஆகாதவன் ஆவது தானாக நேர்வதில்லை. யாரோ அதை அரங்கேற்ற வேண்டும். அரங்கேற்றியவர்களுக்கு மேடை அமைத்துக் கொடுத்தது அரசு.

கிழக்கிலங்கையை ஆராய்ந்த ஜொனதன் ஸ்பென்சரும், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சாகுல் ஹஸ்புல்லா, கலிங்க ரியூடர் சில்வா முதலியோரும் கூட்டாக வெளியிட்ட நூல், மதத் தலைவர்களுக்கு இரட்டை ஆற்றல் உண்டு என்று காட்டியது. சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போய் உயிர்களைக் காக்க அவர்களால் முடிந்தது. சமூகங்களுக்கு இடையே வேலி எழுப்பவும் முடிந்தது. அந்த இரண்டில் எது நடக்கும் என்பதை ஆளுவோரின் நடத்தையும் தீர்மானிக்கிறது என்று நாம் சேர்த்துக்கொள்கிறோம். பேராதனையிலிருந்து தம்புள்ளை நெடுந்தூரம் அல்ல. அங்கே விளைந்த அறிவு தம்புள்ளைப் பிரதேச செயலகத்தின் மேசைக்கு வரவில்லை.

வராததற்கு ஆராய்ச்சியாளர்மீது நாம் பழி போட மாட்டோம். ஸ்ரான்லி தம்பையா 1992இல் பௌத்தத்தின் அரசியற் பயன்பாடு பற்றி ஒரு நூல் எழுதியபோது இங்கே எழுந்த எதிர்ப்பு, அறிஞரிடம் கேள்வி கேட்கும் எதிர்ப்பாக இருக்கவில்லை. எழுதியவர் தமிழர் என்பதே பலருக்குப் போதுமான மறுப்பாக இருந்தது. எச்.எல். செனவிரத்ன 1999இல் பிக்குமாரின் பொதுவாழ்வைக் கடுமையாக விமரிசித்து எழுதினார். அவர் சிங்களவர். அவர் சொன்னதையும் அதிகாரம் காதில் வாங்கவில்லை. உள்ளதைச் சொல்பவரின் பிறப்பைத் துருவுகிற ஒரு நாடு, தன் கொள்கைகளை வகுக்க வதந்தியைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

விளைவுகள் தொடர்ந்தன. முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை 2014 ஜூனில் அளுத்கமவில். 2018 மார்ச்சில் திகனயில். திகனயில் வெறுப்பு சமூக ஊடகத்தின் வழியே ஓடியது. பேஸ்புக் நிறுவனம் தன் தளம் அவ்வன்முறைக்குப் பயன்பட்டதற்காக 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது. அந்த ஆபத்தை மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் ஆய்வாளர்கள் 2014இலேயே அறிக்கையாக வெளியிட்டிருந்தனர். 2020இல் தொற்றுநோயைக் காரணம் காட்டி, உலக சுகாதார அமைப்பு அடக்கம் செய்வதை அனுமதித்திருந்த நிலையிலும், முஸ்லிம்களின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளான குழந்தையின் உடலும் அவற்றில் ஒன்று. 2021 பெப்ரவரியில் அந்த ஆணை விலக்கப்பட்டது. அமைச்சரவையின் மன்னிப்பு 2024 ஜூலையில் வந்தது. தம்புள்ளைதான் இவை எல்லாவற்றையும் பிறப்பித்தது என்று நாம் சொல்லவில்லை. கூட்டம் எழுதினால் அமைச்சர் கையொப்பமிடுவார் என்ற பாடத்தை அரசு முதலில் கற்பித்த வகுப்பறைகளில் தம்புள்ளையும் ஒன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, தமிழ் வாசகர் கேட்க விரும்பாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தெய்வத்தின் வாசலில் கோடு கிழிக்கும் கலையை நாம் பிறரிடம் கற்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்குள் நுழைய வந்த தாழ்த்தப்பட்ட மக்களைத் தடுத்து நின்றவர்கள் சைவத் தமிழர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கல்விமானும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம். இன்று வடக்கில் சிவசேனை என்ற பெயரில் பிற மதத்தாரை அச்சுறுத்தும் குரல்களுக்குச் சில தமிழ் மேடைகளில் மரியாதை கிடைக்கிறது. காத்தான்குடியில் சூபி வழியினர் தம்மைச் சேர்ந்த முஸ்லிம்களாலேயே தாக்கப்பட்டபோது, அதைத் தடுக்க வேண்டியவர்கள் வாக்குக் கணக்குப் பார்த்தார்கள். அந்த ஊரின் உட்பூசலில் வளர்ந்தவனே 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு படுகொலையை நடத்தினான். வடக்கில் குருந்தூர்மலையிலும் வெடுக்குநாறிமலையிலும் வழிபாட்டுரிமைக்காக நீதி கேட்பவர்கள், இந்த நினைவுகளைச் சுமந்தபடியே கேட்க வேண்டும். அப்போதுதான் அந்தக் கோரிக்கை அறத்தின் மொழியில் பேசும். 2013இல் ஆளும் கூட்டணியின் ஆசனங்களில் அமர்ந்திருந்த தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகளும் விலக்குப் பெறமாட்டார்கள். கோவில் இடிந்த பிறகும் பதவியை விட்டு ஒருவரும் எழவில்லை.

அரசியலமைப்பைச் சிலர் துணைக்கு அழைப்பார்கள். 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கிறது; உண்மை. அதே உறுப்புரை, 10ஆம் உறுப்புரையும் 14(1)(உ)வும் மற்றவர்களுக்குத் தரும் உரிமைகளை உறுதிப்படுத்திக்கொண்டே அந்த முதன்மையை வழங்குகிறது. முதன்மை என்றால் முதல் இருக்கை. மற்ற இருக்கைகளை அகற்றிவிட்டால் அங்கே முதல் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. இதைப் படித்துப் பார்க்காமல் கட்டளையிட்ட பிரதமரும், படித்தும் வாய்திறக்காத சட்ட அதிகாரிகளும் ஒரே தட்டில் நிற்கிறார்கள்.

நமது பாடசாலைகள் இந்த அறியாமையை ஆண்டுதோறும் புதுப்பிக்கின்றன. சமயம் கட்டாயப் பாடம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் சமயம் மட்டும். மாத்தளை மாவட்டத்தில் முத்துமாரியம்மன் தேரைப் பார்க்க ஒன்றாகத் தெருவில் நிற்கும் சிங்கள, முஸ்லிம், தமிழ்ப் பிள்ளைகள், மறுநாள் சமயபாட வேளையில் வெவ்வேறு அறைகளுக்குள் போய்விடுகிறார்கள். பதினொரு ஆண்டுகள் படித்து வெளியே வருபவர், அடுத்த வீட்டார் ஏன் நோன்பு பிடிக்கிறார், ஏன் தானம் கொடுக்கிறார், ஏன் தீமிதிக்கிறார் என்பதைப் பாடநூலில் ஒரு பக்கமாகக்கூட வாசித்திருக்கமாட்டார். பல்கலைக்கழகங்களில் மதச் சமூகவியல் படித்த பட்டதாரிகளை வைத்து மாற்றுப் பாடம் ஒன்று வகுப்பது கடினமானது அல்ல. விருப்பம்தான் வேண்டும். கல்வி அமைச்சு அந்த விருப்பத்தை இதுவரை காட்டவில்லை. இதுவும் அலட்சியக் குற்றமே.

தம்புள்ளைக்குத் திரும்புவோம். புனித பூமியின் எல்லை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி, எந்த வர்த்தமானியில், எந்த அளவைப் படத்தோடு வரையப்பட்டது. பள்ளிவாசல் நிருவாகம் முன்வைத்த உறுதிகளை யார் பரிசோதித்தார். 2013இல் கோவிலை இடிக்க ஆணையிட்ட அதிகாரி யார். வெளியேற்றப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் எவ்வளவு நிலம், எவ்வளவு இழப்பீடு, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது. அம்மனுக்கு மாற்று நிலம் ஒதுக்கப்பட்டதா, அதற்கு உறுதி எழுதப்பட்டதா. இந்த விபரங்கள் முழுவதையும் மும்மொழியிலும் பாராளுமன்றத்தில் வைக்க வேண்டிய கடமை புத்தசாசன, சமய மற்றும் கலாசார அலுவல்கள் அமைச்சுக்கும் நகர அபிவிருத்தி அதிகாரசபைக்கும் உண்டு. ஆட்சி மாறியது, முன்னவர்கள் செய்தார்கள் என்ற பதிலை நாம் ஏற்பதற்கில்லை. அரசின் கடன் ஆட்சியோடு தீர்வதில்லை என்பதை வெளிநாட்டுக் கடன்காரர்களிடம் ஒப்புக்கொண்ட அரசு, தன் குடிமக்களிடமும் அதை ஒப்புக்கொள்ளட்டும். அந்த ஆவணங்கள் வெளிவரும் வரை, தம்புள்ளையில் வரையப்பட்ட எல்லைக்கோட்டை இந்த ஏடு நியாயமானதாக ஏற்காது.